அஞ்சாம் கிளாசுக்குக் கயித்துல போன சுல்ஃபத்

மட்டாஞ்சேரி பஜார்ல நாலாம் கிளாசை மூணு தடவை பாஸான ஒரே ஆளு சுல்ஃபத்துதான். பெயிலாயி பெயிலாயி ஒரே கிளாஸ்ல உக்காந்தவங்க தெருவுக்கு ஒருத்தர் உண்டு, அதுல அதிசயமில்ல. இவ பாஸாயி பாஸாயி உக்காந்தா. அதுவும் ஒவ்வொரு தடவையும் மொத மார்க்கு.

சுக்குக் கடை நூர் முகம்மதுவோட மூத்த மக அவ. நடக்கப் பழகுன சூட்டுலயே ஒரு காய்ச்சல் வந்துச்சு. போகும்போது ரெண்டு காலுலயும் இருந்த பெலத்தைக் கூட்டிக்கிட்டுப் போயிருச்சு. வைத்தியம் பாத்தாங்க, தைலம் தேச்சாங்க, நேந்துக்கிட்டாங்க. காலு ரெண்டும் எதுக்கும் மசியல. சுல்ஃபத்து அதைப் பெருசா எடுத்துக்கல. அவளுக்கு நாக்குல ரெண்டு ஆளு பெலம் இருந்துச்சு. உக்காந்த எடத்துலேர்ந்தே, கறியில உப்புக் கொறைஞ்சது, தம்பி சட்டையைத் திருப்பிப் போட்டது, அத்தா தராசுல கை வச்சு நிறுக்கிறது, எல்லாத்தையும் சொல்லிருவா.

அவ படிச்சது தமிழ்ப் புள்ளைங்களுக்கான ஒரு சின்னப் பள்ளிக்கூடம். ராவுத்தர் வீட்டுப் புள்ளைங்க, பாலக்காட்டுலேர்ந்து வந்த அய்யர் வீட்டுப் புள்ளைங்க, திருநெல்வேலிக்காரங்க வீட்டுப் புள்ளைங்க எல்லாம் அங்கதான். பள்ளிக்கூடம் ஆகுறதுக்கு முன்ன அது இஞ்சி காயப்போடுற பண்டகசாலை. மழை பெஞ்சா இன்னும் செவுரு இஞ்சி வாசம் அடிக்கும். கீழ ஒரு நீளக் கூடம். அதுல பாயைக் கட்டித் தடுத்து ஒண்ணு ரெண்டு மூணு நாலுன்னு நாலு கிளாஸ். மேல ஒரே ஒரு அறை. அது அஞ்சாம் கிளாஸ்.

படியைப் படின்னு சொல்றது ஒரு மரியாதைக்கு. ஏணிக்கு ரெண்டு பக்கமும் செவுரு வச்ச மாதிரி இருக்கும். அவ மொத தடவை நாலு பாஸானப்போ அத்தா அவளை முதுகுல தூக்கிக்கிட்டு அதுல ஏறுனாரு. நூர் முகம்மது ஒல்லியான ஆளில்ல. பாதிப் படியில அத்தாவும் மகளும் சேந்து அடைச்சுக்கிட்டாங்க. மேலயும் போக முடியல, கீழயும் வர முடியல. சாப்பாட்டு மணி அடிச்சாச்சு, அஞ்சாம் கிளாஸ் புள்ளைங்களுக்கு எறங்க வழியில்ல. தூக்குச் சட்டியைக் கையில வச்சுக்கிட்டு அத்தாவோட தொப்பியைப் பாத்துக்கிட்டே வரிசையா நின்னாங்க. கடைசியில தேங்காண்ணெய் கொண்டாந்து செவுத்துல ஊத்தி, காலைப் புடிச்சு இழுத்து எறக்குனாங்க. அந்தப் படி அதுக்கப்புறம் ரொம்ப நாளைக்கு வழுக்கிக்கிட்டே இருந்துச்சு.

அந்த ஊருல வாத்தியாரை மாஷ்னுதான் சொல்லுவாங்க. ஹெட்மாஷ் சிவராமகிருஷ்ணன் கெட்ட மனுசன் இல்ல. சுல்ஃபத்து மேல அவருக்குப் பிரியம் உண்டு. அஞ்சாம் கிளாசைக் கீழ கொண்டுவந்தா என்னன்னு அத்தா கேட்டப்போ அவரு கோவப்படல, சிரிக்கல. குழந்தைக்குச் சொல்ற மாதிரி பொறுமையாச் சொன்னாரு. "பாருங்கோ ராவுத்தரே. அஞ்சாம் கிளாஸ்னா மாடியாக்கும். கீழ கொண்டுவந்தா அது எப்படி அஞ்சாம் கிளாஸ் ஆகும்? ஒசந்த கிளாஸ் ஒசரத்துலதானே இருக்கணும்?"

அத்தாவுக்கும் அது நியாயமாப் பட்டுச்சு. கடையில மொளகு மச்சுல, சுக்கு தரையில. அதை மாத்தி வச்சு யாராவது வியாபாரம் பண்ணுவாங்களா?

அப்படித்தான் அவ திரும்பவும் நாலுல உக்காந்தா. வருசக் கடைசியில ஹெட்மாஷ் எல்லாரையும் கூட்டிவச்சு, சுல்ஃபத்து மொதலாவதாப் பாஸ்னு படிப்பாரு. எல்லாரும் கை தட்டுவாங்க. அத்தா மிட்டாய் குடுப்பாரு. ஜூன் மாசம் மழையோட அவ அதே பெஞ்சுக்கு வந்து சேருவா. மூணாவது வருசம் மிட்டாய் குடுக்க அத்தாவுக்கே கூச்சமாப் போச்சு. கூட்டத்துலேர்ந்து ஒரு கெழவரு, போன வருசத்து மிட்டாயே இன்னும் பல்லுல ஒட்டியிருக்குன்னு சொன்னாரு.

அவளுக்கு ஒண்ணும் செய்யலைன்னு யாரும் சொல்லிற முடியாது. பெஞ்சு குத்துதுன்னு சொன்னதும் அத்தா ஒரு மெத்தை தச்சுக் கொண்டாந்தாரு. உள்ள என்ன வைக்கிறதுன்னு பாத்தாரு. கடையில சும்மாக் கெடக்குற மொளகுப் பதரை அமுக்கி வச்சாரு. அவ ஒரு தடவை அசைஞ்சா முன்வரிசை தும்முச்சு. நல்லா நிமிந்து உக்காந்தா கூடம் முழுக்கத் தும்முச்சு. நாலாம் வாய்ப்பாடு முடிய மத்தியானம் ஆச்சு. அப்புறம்தான் தேங்காநாரு வச்சாங்க. ஹெட்மாஷ் தன் பங்குக்கு ஒரு வெண்கல மணி குடுத்தாரு, ஏதாவது தேவைன்னா அடிச்சுக் கூப்புடும்மான்னு. நாலாம் கிளாஸ் பாடம் அவளுக்குத் தலைகீழாத் தெரியும். வாத்தியார் தப்பாச் சொல்லும்போதெல்லாம் அவ மணியடிச்சா. ஒரு வாரத்துல ஹெட்மாஷே வந்து மணியைத் திருப்பி வாங்கிக்கிட்டாரு.

அவளுக்கு மெத்தையும் வேண்டாம் மணியும் வேண்டாம். தலைக்கு மேல பலகைத் தரையில அஞ்சாம் கிளாஸ் புள்ளைங்க தடதடன்னு நடக்குற சத்தம் கேக்கும். அவளோட மொத மொதல்ல நாலு படிச்ச புள்ளைங்க அந்தத் தரையில நடந்து முடிச்சுப் போயே போயிட்டாங்க. அந்தச் சத்தத்துக்கு மேல போயி உக்காரணும். அது ஒண்ணுதான்.

ஒருநாள் அத்தா கடை வாசல்ல பிரம்பு நாற்காலியில உக்காந்து பாத்துக்கிட்டிருந்தா. எதுத்த பண்டகசாலையில சுக்கு மூட்டை ஏத்திக்கிட்டிருந்தாங்க. மேல உத்தரத்துல ஒரு இரும்புக் கப்பி, அதுல வடக்கயிறு. கீழ ஆளுங்க இழுக்க, மூட்டை ஆடி அசைஞ்சு மாடி சன்னலுக்குப் போவுது. மேல இருக்குற ஆளு கொக்கி போட்டு உள்ள இழுத்துக்கிறான்.

"அத்தா, அந்தச் சுக்குக்குக் காலு உண்டா?"

அத்தா சாயாக் கிளாசைக் கீழ வச்சாரு.

"பள்ளிக்கூட மாடி சன்னலுக்கு மேலயும் இதே மாதிரி ஒரு கப்பி துருப்புடிச்சுக் கெடக்கு அத்தா. மூணு வருசமா நான் அதுக்குக் கீழதான் உக்காந்திருக்கேன்."

அந்தத் தெருவுல கயித்துல எது மேல ஏறுனாலும் அது சுமையாளுங்க தலைவரு இசக்கிமுத்து மூப்பன் ஆளுங்களோட வேலை. வேற யாரும் கயித்தைத் தொடக்கூடாது. அந்த ஆளுங்களுக்கு யூனியன் உண்டு, யூனியனுக்குச் செக்ரட்டரி அப்பு. அத்தா ரெண்டு பேரையும் கடைக்குக் கூப்பிட்டு சாயா வாங்கிக் குடுத்து விசயத்தைச் சொன்னாரு. மூப்பன் கண்ணைத் தொடச்சுக்கிட்டு உடனே சரின்னாரு. அப்பு தாடியைச் சொறிஞ்சுக்கிட்டே ரொம்ப நேரம் யோசிச்சான். மனுசனைக் கயித்துல ஏத்துறதுக்கு யூனியன் விதியில எடமில்லைன்னுட்டான். சரக்குன்னா ஏத்தலாம். சரக்குன்னா நிறுக்கணும், கடை மார்க்கு இருக்கணும். மார்க்கு இல்லாத மூட்டையை எந்த ஆளும் தொடமாட்டான், நடுவுல விழுந்தா யாருதுன்னு தெரியணுமில்ல.

"அப்ப என்ன சரக்குன்னு வைக்கிறது?" அத்தா கேட்டாரு.

மூப்பன் சுல்ஃபத்தை மேலயும் கீழயும் பாத்துட்டு, கண்ணாடிச் சாமான்னு வச்சுக்கலாம் மொதலாளி, பதனமாத் தூக்குவானுவன்னாரு.

"நான் ஒண்ணும் ஒடையமாட்டேன் மூப்பரே," சுல்ஃபத்து சொன்னா. "சுக்குன்னு வைங்க. எங்க கடைச் சரக்குதானே."

அப்படியே முடிவாச்சு. பெரிய தராசுல அவளை நாற்காலியோட நிறுத்தாங்க. நாற்காலி முதுகுல தாரைத் தொட்டு 'நூ.மு. சுக்கு'ன்னு மார்க்குப் போட்டாங்க. ஹெட்மாஷுக்குத்தான் ஒரு சங்கடம். புள்ளைங்க வாசல் வழியாத்தானே உள்ள வரணும்? ஒரு நாள் ராத்திரி பூராத் தூங்காம யோசிச்சாரு. மறுநாள், வெளியிலேர்ந்து அனுமதி கேட்டுட்டு வந்தா சன்னலும் வாசல்தான்னு சொல்லிட்டாரு.

ஜூன் மாசம், பள்ளிக்கூடம் தொறந்த அன்னிக்கு, அவ கயித்துல ஏறுனா. அத்தா தன்னோட பச்சை அரைப்பட்டையைக் கழட்டி அவ இடுப்பைச் சுத்தி நாற்காலியோட சேத்துக் கட்டுனாரு. அப்புறம் அந்த வருசம் முழுக்க ஒரு கையால வேட்டியைப் புடிச்சுக்கிட்டேதான் நடந்தாரு. மூப்பன் தொண்டையைக் கனைச்சு "நூர் முகம்மது சுக்கே"ன்னு ஒரு கொரல் குடுத்தாரு. ஆளுங்க "மேலே, மேலே"ன்னு இழுத்தாங்க. சுல்ஃபத்து எதுத்த பண்டகசாலை ஓட்டுக் கூரையைத் தாண்டி ஏறுனா. ஓட்டுக்கு அந்தப் பக்கம் காயலு, காயல்ல கப்பலு, கப்பல் மேல கொடி. இத்தனை நாளா இதெல்லாம் இங்கயா இருந்துச்சுன்னு அவளுக்கு இருந்துச்சு.

சன்னலுக்கு வெளியில தொங்கிக்கிட்டே, "உள்ள வரலாமா டீச்சர்?"னு கேட்டா.

அஞ்சாம் கிளாஸ் மீனாக்ஷி டீச்சர் பயந்த சுபாவம். வாம்மான்னு சொல்லும்போதே அழுதுட்டாங்க.

பஜாருக்கு அது பழகிப் போச்சு. சுல்ஃபத்து ஏறுறதைப் பாத்து கடைக்காரங்க கடியாரத்துக்குச் சாவி குடுத்தாங்க. திங்கக்கிழமை திங்கக்கிழமை அவளை நிறுக்கணும்னு அப்பு சட்டம் போட்டிருந்தான். பெருநாள் கழிஞ்ச திங்கக்கிழமை நிறுத்துப் பாத்துட்டு மூப்பன், "சரக்கு ஈரம் ஏறியிருக்கு மொதலாளி, வெயில்ல ரெண்டு நாள் போடணும்"னாரு. ஒருநாள் டீச்சர் போர்டுல கணக்கை எழுதிக்கிட்டு நின்னதுல இவ கேட்டது காதுல விழல. கணக்கு முடியுற வரைக்கும் வெளியிலயே தொங்குனா. விடை தப்புன்னு அங்கேர்ந்தே சொன்னா. பாக்கி நேரம் எல்லாம் அவ அந்தப் பலகைத் தரையில உக்காந்து, கீழ நாலாம் கிளாஸ் வாய்ப்பாடு சொல்றதைக் கேட்டுக்கிட்டு இருந்தா. அது அவளுக்கு சங்கீதம் மாதிரி இருந்துச்சு.

அப்புறம் மார்ச் மாசம் வருசப் பரீட்சை வந்துச்சு.

ஹெட்மாஷ் முன்கூட்டியே சொல்லிவச்சிருந்தாரு. பரீட்சை எழுதுனாத்தான் அஞ்சு படிச்சதா அர்த்தம். எழுதலைன்னா அவ அஞ்சுக்கு வரவே இல்லைன்னு ஆகும், திரும்ப நாலுதான். சுல்ஃபத்து முந்துன நாளே பேனாவுல மை ஊத்தி, மைக்கூட்டையும் எழுதுற பேப்பரையும் நாற்காலிக் கையில கட்டி வச்சிருந்தா. நாலை நாலாவது தடவை படிக்கிறதுக்கு அவ செத்தே போயிருவான்னு வீட்டுல எல்லாருக்கும் தெரியும்.

அன்னிக்குக் காலையில மூப்பன் கொரல் குடுத்தாரு, ஆளுங்க இழுத்தாங்க. அவ முக்கால் ஒசரத்துக்குக் கிட்ட போயிட்டா. அப்பத்தான் தெரு முனையிலேர்ந்து அப்பு கொடியோட ஓடியாந்தான்.

"கை எடு!"

தெருக்கோடியில ஒரு மொளகுப் பண்டகசாலைக்காரன் யூனியனுக்குத் தெரியாம வெளியாளுங்களை வச்சு மூட்டை எறக்கியிருக்கான். அதனால வேலைநிறுத்தம். கை எடுன்னா எடுத்ததுதான். தலையில இருக்குற மூட்டை நின்ன எடத்துல எறங்கும். கயித்துல இருக்குற சரக்கு தொங்குற எடத்துல தொங்கும். அது அந்தத் தெருவோட சட்டம். மூப்பனோட கை அவரு நெனைக்கிறதுக்கு முன்னாடியே வடத்தைத் தரையில அடிச்ச முளையில சுத்திக் கட்டிருச்சு. கட்டுன அப்புறம்தான் தலையைத் தூக்கி மேல பாத்தாரு. சுல்ஃபத்தும் கீழ பாத்தா.

அத்தா வேட்டியைப் புடிச்சுக்கிட்டு ஓடியாந்தாரு. ஏணி வச்சு நானே எறக்கிக்கிறேன்னாரு. சரக்கை வெளியாளு எறக்குனதுக்குத்தானே இந்த வேலைநிறுத்தமேன்னு அப்பு சொன்னான். அவனுக்கும் மொகம் செத்துதான் இருந்துச்சு.

"அது சரக்கில்லடா, எம்மவ."

"மனுசன்னு சொன்னா மொதலாளி, இந்த வருசம் பூரா மனுசனைக் கயித்துல ஏத்துன குத்தத்துக்கு மூப்பனையும் ஆளுங்களையும் யூனியன்லேர்ந்து எடுக்கணும். நீங்களே சொல்லுங்க, எடுக்கட்டுமா?"

அத்தா மூப்பனைப் பாத்தாரு. ஒரு நாள் கூட லீவு எடுக்காம எம்மவளைத் தூக்குன மனுசன். வாயை மூடிக்கிட்டாரு. மூப்பனுக்கோ, அவுத்து விட்டா கருங்காலிம்பாங்க, விடலைன்னா புள்ளை தொங்குது. முளையைக் கட்டிப்புடிச்சுக்கிட்டு, யாரும் கயித்தைத் தொடாதீங்கன்னு அழுதுக்கிட்டே நின்னாரு.

மணி அடிச்சிருச்சு. மேல சன்னல்ல மீனாக்ஷி டீச்சரோட மொகம் தெரிஞ்சுது. அவங்க கையை நீட்டியும் சுல்ஃபத்தோட தலைக்கு எட்டல. கேள்வியைச் சன்னல்லேர்ந்து படிச்சுச் சொல்லட்டுமான்னு ஹெட்மாஷைக் கேட்டாங்க. ஹெட்மாஷ் தெருவுல நின்னு முடியாதுன்னு தலையை ஆட்டிட்டாரு. பரீட்சைன்னா எல்லாரும் ஒரே எடத்துல, ஒரே வாத்தியார் கண்ணுக்கு முன்னால எழுதணும். ஒருத்தி வெளியில இருந்தா அது பரீட்சையாகாது.

நாற்காலி மெல்லச் சுத்திச்சு. சுல்ஃபத்து காயலைப் பாத்தா, செவுத்தைப் பாத்தா, திரும்ப தெருவைப் பாத்தா.

"மாஷே," மேலேர்ந்து கூப்புட்டா. "புள்ளைங்களும் சரக்கா?"

எதுக்கும்மா கேக்குறேன்னாரு ஹெட்மாஷ்.

"சரக்கில்லைன்னா அவங்க நடக்கலாமில்ல. எல்லாரையும் கீழ வரச்சொல்லுங்க. என் கண்ணுக்கு நேரா உக்காரட்டும். ஒரே எடம்தானே."

அப்புவை எல்லாரும் பாத்தாங்க. அப்பு யோசிச்சான். பெஞ்சு சரக்கு, போர்டு சரக்கு, அதைத் தொடக்கூடாது. புள்ளைங்க தங்களோட காலுல எறங்கி வர்றதுக்கு யூனியன் தடை சொல்லாதுன்னான்.

ஹெட்மாஷ்தான் கையைப் பெசைஞ்சாரு. "கீழ வந்தா அஞ்சாம் கிளாஸ் இல்லாம போயிடுமேம்மா. அப்பறம் நீ எழுதறது என்ன பரீட்சை?"

"நான் கீழ இல்லையே மாஷே. நான் இருக்குற எடத்தை வச்சுக் கணக்குப் பண்ணுங்க."

"நீ மாடியிலயும் இல்லையே. பாதியிலன்னா தொங்கறாய்?"

"பாதிக்கு மேல இருந்தா முழுசுன்னு எடுத்துக்கணும்னு நாலாம் கிளாஸ் கணக்குல இருக்கு மாஷே. எனக்கு மூணு வருசமாத் தெரியும்."

ஹெட்மாஷ் கண்ணாடியைக் கழட்டித் தொடச்சாரு, மாட்டுனாரு, செவுத்தைக் கண்ணால அளந்தாரு. பாதி தாண்டியிருக்கான்னு மூப்பனைக் கேட்டாரு. "தாண்டிருச்சு சாமி, நல்லாவே தாண்டிருச்சு"ன்னு மூப்பன் முளையை விடாமச் சொன்னாரு. இருவது வருசமா மூட்டை ஏத்துற கண்ணு, அது பொய் சொல்லாது. ஹெட்மாஷ் ஒரு தடவை மூச்சு விட்டுட்டு, அப்படின்னா இது மாடியாக்கும்னு தெருவைப் பாத்துச் சொன்னாரு.

அஞ்சாம் கிளாஸ் எறங்கி வந்துச்சு. தெருவுல காலிச் சாக்கை விரிச்சு உக்காந்துச்சு. மீனாக்ஷி டீச்சர் நடுவுல நின்னு கேள்வியை ஒவ்வொண்ணாப் படிச்சாங்க, கீழ ஒரு தடவை, தலையைத் தூக்கி ஒரு தடவை. அப்பத்தான் ஹெட்மாஷுக்கு வேற ஒண்ணு தோணுச்சு. கீழ இருக்குறவங்க அவளோடதைப் பாத்து எழுத முடியாது. அவளுக்கோ கிளாஸ்ல இருக்குற எல்லாரோட பேப்பரும் தெரியும்.

"சுல்ஃபத்து, கீழ பாக்கப்படாது, கேட்டியா."

அதனால அவ பரீட்சை பூராவும் கப்பலைப் பாத்தே எழுதுனா. ஒரு கப்பல் பொறப்பட்டு, காயல் கடல்ல சேர்ற அழிமுகத்தைத் தாண்டிப் போறதுக்குள்ள தமிழ் முடிஞ்சுது. பேனாவை உதறுனப்போ ஒரு சொட்டு மை ஹெட்மாஷோட வெள்ளை வேட்டியில விழுந்துச்சு. அவரு அசையல. பரீட்சை நேரத்துல அசைஞ்சா மத்தவங்களுக்கு எடைஞ்சல்.

கணக்குப் பரீட்சை நடக்கும்போது ஊர்வலம் வந்துச்சு. பஜார்ல இருக்குற சுமையாளுங்க மொத்தமும் கொடியைத் தூக்கிக்கிட்டு, கோஷம் போட்டுக்கிட்டு அந்தத் தெருவுக்குள்ள திரும்புனாங்க. ஹெட்மாஷ் ஒதட்டுல வெரலை வச்சாரு. முன்னால வந்தவன் மேல தொங்குற புள்ளையைப் பாத்தான், கீழ எழுதுற புள்ளைங்களைப் பாத்தான், வாயை மூடிக்கிட்டான். அத்தனை பேரும் நுனிக்கால்ல நடந்தாங்க. வாய் மட்டும் அசைஞ்சுது, கை மட்டும் ஒசந்துச்சு, ஒரு சத்தம் இல்ல. கடைசி ஆளு தாண்டி, தெரு முனை திரும்புனதும் கோஷம் விட்ட எடத்துலேர்ந்து கெளம்புச்சு.

சாயங்காலம் வெயில் எறங்குற நேரத்துக்கு அந்த மொளகுக்காரன் பணிஞ்சுட்டான். வேலைநிறுத்தம் முடிஞ்சுதுன்னு சேதி வந்ததும் அப்புவே ஓடிப்போயி வடத்தைப் புடிச்சான். மூப்பன் முளையை அவுத்தாரு. எல்லாரும் சேந்து இழுத்தாங்க.

மேல இழுத்தாங்க.

கீழ எறக்குங்கடான்னு அத்தா கத்துனாரு. அது நடக்காது மொதலாளின்னான் அப்பு. எங்க போகணும்னு ஏத்துன சரக்கோ அங்க சேத்துட்டுத்தான் எறக்கணும். பாதியில திருப்பி எறக்குனா யூனியனுக்குக் கெட்ட பேரு.

அப்படி அவ மாடிக்குப் போயிச் சேந்தா. சன்னலுக்கு வெளியில தொங்கிக்கிட்டு, பழக்கத்துல, "உள்ள வரலாமா டீச்சர்?"னு கேட்டா. உள்ள டீச்சர் இல்ல. யாருமே இல்ல. காலி பெஞ்சு, போர்டுல யாரும் படிக்காத கேள்வி, டீச்சரோட கொடை. இந்த அறைக்குள்ள வர்றதுக்குத்தானா அவ மூணு வருசம் பாஸானா? மேல அஞ்சாம் கிளாஸ் இல்ல. அஞ்சாம் கிளாஸ் தெருவுல சாக்கை மடிச்சுக்கிட்டு நிக்குது.

சன்னலோரம் ஒரு ஆணியில 'அஞ்சாம் வகுப்பு'ன்னு வெள்ளைப் பெயிண்டுல எழுதுன பலகை தொங்குச்சு. சுல்ஃபத்து சன்னல் சட்டத்தைப் புடிச்சு, நாற்காலியைக் கொஞ்சம் ஆட்டி, கையை நீட்டி அந்தப் பலகையைக் கழட்டுனா. மடியில வச்சுக்கிட்டா.

"மூப்பரே, சரக்கு சேந்துருச்சு. எறக்குங்க."

அவ எறங்கி வந்தா. மடியில இருக்குற பலகையை மொதல்ல பாத்தது அப்புதான். மார்க்கு இல்லாத சரக்கு, நிறுக்காத சரக்கு. வாயைத் தொறந்தான். அப்புறம் கொடியைச் சுருட்டுறதுல மும்முரமாயிட்டான்.

சுல்ஃபத்து பலகையை ஹெட்மாஷ் கிட்ட நீட்டுனா. "அஞ்சாம் கிளாஸ் கீழ வந்துருச்சு மாஷே. மேல பாத்துட்டேன், ஒண்ணும் பாக்கி இல்ல."

ஹெட்மாஷ் பலகையைத் திருப்பித் திருப்பிப் பாத்தாரு. அண்ணாந்து சன்னலைப் பாத்தாரு. தெருவுல நிக்குற புள்ளைங்களைப் பாத்தாரு. அப்புறம் பலகையைக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு உள்ள போனாரு. ஆணியடிக்குற சத்தம் கேட்டுச்சு. கூடத்துல, வாசலுக்கு நேரா, மூணாம் கிளாஸ் இருந்த எடத்துல. மூணாம் கிளாஸ் மாடிக்குப் போச்சு. சின்னப் புள்ளைங்களுக்கு அந்தப் படி வசதியாத்தான் இருந்துச்சு, ஒருத்தரும் அடைச்சுக்கல. இத்தனை வருசமும் இது ஏன் யாருக்கும் தோணலைன்னு டீச்சர் கேட்டப்போ, அஞ்சாம் கிளாசுக்கு இப்பத்தானே எறங்கத் தெரிஞ்சுதுன்னாரு ஹெட்மாஷ்.

சுல்ஃபத்து பாஸானா. அத்தா இந்தத் தடவை கூச்சமே இல்லாம மிட்டாய் குடுத்தாரு. அந்தக் கெழவருக்கு ரெண்டு. கீழ வந்த அஞ்சாம் கிளாஸ்ல உக்கார அவளுக்குக் குடுப்பினை இல்ல. அதுல அவளுக்குக் கொஞ்சம் வருத்தம்தான். ஆனா அடுத்த வருசம் மொதலே காலு சரியில்லாத ஒரு அய்யர் வீட்டுப் பையனும், கண்ணு மங்கலான ஒரு பொண்ணும் நேரா வாசல் வழியா நடந்தும் தடவியும் வந்து அதுல உக்காந்தாங்க. அவங்களுக்கு அஞ்சாம் கிளாஸ்னா கூடத்துல இருக்குறதுதான். மாடியில இருந்துச்சுன்னு சொன்னா நம்பமாட்டாங்க.

ஆறாம் கிளாசுக்கு வேற பெரிய பள்ளிக்கூடம். சேக்கப் போனப்போ அங்க இருந்த ஹெட்மாஸ்டர் நாற்காலியைப் பாத்தாரு, முதுகுல இருந்த தார் எழுத்தைப் பாத்தாரு. தமிழ் படிக்கத் தெரியாத மனுசன், அது புள்ளையோட பேருன்னு நெனைச்சுக்கிட்டாரு. எங்க பள்ளிக்கூடத்துல ஆறாம் கிளாஸ் மாடியிலயாச்சே, புள்ளைக்கு என்ன செய்யிறதுன்னு அத்தாவைப் பாத்து ரொம்ப இரக்கத்தோட கேட்டாரு.

அத்தா வேட்டியை ஒரு கையால புடிச்சுக்கிட்டு, நீயே சொல்லுன்னு மகளைப் பாத்தாரு.

"ரெண்டு வழி இருக்கு சார்," சுல்ஃபத்து சொன்னா. "ஒண்ணு, ஆறாம் கிளாசைக் கீழ எறக்குங்க. இல்லைன்னா வாசல்ல யூனியன் ஆளுங்க கயித்தோட நிக்கிறாங்க. உள்ள வரச்சொல்லட்டுமா?"

ஹெட்மாஸ்டர் எட்டிப் பாத்தாரு. இசக்கிமுத்து மூப்பன் வடத்தைத் தோள்ல சுத்திக்கிட்டு, அண்ணாந்து, அந்தக் கட்டடத்தோட ஒசரத்தைக் கண்ணால அளந்துக்கிட்டிருந்தாரு. அப்பு தராசைத் தரையில வச்சு முள்ளு சரியா இருக்கான்னு பாத்துக்கிட்டிருந்தான்.

ஆறாம் கிளாஸ் அன்னிக்கே கீழ எறங்குச்சு.